ஒத்திகை அண்ணாச்சியின் புதன்கிழமைகள்

கட்டிய மனைவியை வாரம் ஒருமுறை சாகவைத்து, அன்று சாயங்காலமே ஆறு மணி பஸ்ஸில் திரும்ப வரவழைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் இருந்தார். அவர் வீட்டு மாடியில் நான் ஆறு வருஷம் குடியிருந்தேன்.

ஊருக்கு அவர் ஒத்திகை அண்ணாச்சி. சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வாசல் கேட்டில் ஒரு தகரப் பலகையில் எழுதியிருந்தது. சாரல் அடித்து அடித்துப் பெயர் போய் இனிஷியல் மட்டும் மிச்சமிருந்தது. கூரியர் கொண்டுவருகிறவர்கூட "ஒத்திகை வீடு எது?" என்று கேட்டுத்தான் வருவார்.

தொழில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். முப்பது வருஷம், சுரண்டை தொடங்கி செங்கோட்டை வரை ஒரு வீடு பாக்கியில்லாமல் ஏறி இறங்கியவர். பேச்சை எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்: "நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னு வைங்க." புதுமனை புகுவிழாவில் பால் காய்ச்சிக்கொண்டிருப்பவரிடமும் இதைத்தான் சொல்வார், வளைகாப்பு வீட்டிலும் இதைத்தான் சொல்வார். கல்யாண மண்டபத்தில் அவர் இலையில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்துவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் கீழப்பாவூரில் ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்குப் பாலிசி பிடிக்கப் போயிருக்கிறார். வழக்கமான பாட்டை ஆரம்பித்ததும் பேராசிரியர் கண்ணை மூடிக் கேட்டிருக்கிறார். கேட்டு முடித்துவிட்டு, நீர் சொல்லுவதையெல்லாம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கிரேக்க தேசத்தில் ஒரு கூட்டம் சொல்லிவிட்டுப் போய்விட்டது என்று ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார். பேராசிரியர் பாலிசி எடுக்கவில்லை. அண்ணாச்சி தத்துவம் எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நிம்மதி கற்றுக்கொடுக்கிறவர்களுக்குக் குறைவே கிடையாது. மூச்சை இழுக்கச் சொல்ல ஒருவர், அதை அடக்கச் சொல்ல இன்னொருவர், விடிகாலை வாட்ஸ்அப்பில் தாமரைப்பூ படத்தோடு ஆசி அனுப்ப ஒருவர். அண்ணாச்சி அத்தனை பேரிடமும் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எல்லோரும் "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றார்கள். முப்பது வருஷம் இறப்புச் சான்றிதழ் வாங்கிக்கொடுத்தே தேய்ந்துபோன மனிதர் அதை எப்படி நம்புவார்? கிரேக்கர்கள்தான் "எல்லாம் போயிரும்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவருக்கு அதுவே ஆறுதலாக இருந்தது.

நம் ஆட்களும் நிலையாமையைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்களே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நம்ம ஆளுக பாட்டாப் பாடி வச்சிட்டுப் போயிட்டாக வே. இவுக ஹோம் ஒர்க் குடுக்காக" என்றார்.

அந்த வீட்டுப்பாடம் இரண்டே இரண்டுதான். ஒன்று, உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று தினமும் பிரித்துப் பார். இரண்டு, எதை இழக்கப் பயப்படுகிறாயோ அதை முன்கூட்டியே இழந்து பழகு. முதல் பாடத்தை அவர் அரைகுறையாகத்தான் படித்தார். இரண்டாவதில் இறங்கியவர் கரையேறவே இல்லை.

முதலில் வறுமையை ஒத்திகை பார்த்தார். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கிழிந்த சட்டை, பழைய சோறு, வெறுந்தரை. மூன்றாவது வாரம் தெருவில் கதை கட்டிவிட்டார்கள், அண்ணாச்சி கையில் ஒன்றுமில்லை, வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று. இட்லி, ஆப்பம், சொதி என்று ஏழு வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வந்தது. வேண்டாமென்று சொல்வது மரியாதையில்லை என்று எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் வயிற்றுவலியில் கிடந்தார்.

பிறகு வகுப்பு ஆரம்பித்தார். குற்றாலத்தில் சீசன் முடிந்து அருவி வெறும் பாறையாகத் தெரியும் மாதங்களில், லாட்ஜுகளில் ஈ காக்கை இருக்காது. அவரிடம் பாலிசி எடுத்த லாட்ஜ்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலைத் திறந்துவிட்டார். எட்டு ஒன்பது பேர் வருவார்கள். செல்போன் கடைக்காரர் ஒருவர் செல்போனை இழந்து பார்க்கிறேன் என்று அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். பூட்டிவிட்டு, டிராயருக்குள் மணி அடிக்கிறதா என்று வீட்டம்மாவின் போனிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொண்டார். அது தேர்ச்சியாகாது என்று அண்ணாச்சி சொன்னதில் அவருக்கு வருத்தம்.

கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், கணவரை ஒருநாள் இழந்ததாக நினைத்துப் பழகுங்கள் என்று பாடம் கொடுத்தார். அந்தப் பெண்ணின் கணவர் துபாயில் வேலை பார்த்தார்.

"அவுக வருசத்துக்கு ஒரு மாசந்தான் இங்கன இருக்காக அண்ணாச்சி. மிச்சம் பதினோரு மாசமும் நான் ஒத்திகைலதான இருக்கேன்" என்றாள் அவள்.

அண்ணாச்சி அந்த வாரம் வகுப்பைப் பாதியிலேயே முடித்துவிட்டார்.

நான் எப்படி அந்த வீட்டுக்குப் போனேன் என்று சொல்கிறேன். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். என் மனைவி இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பழைய ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திப் பேசுவது பிடிக்காமல் மாற்றல் கேட்டு தென்காசிக்கு வந்தேன். மாடியை வாடகைக்குக் கேட்கப் போனபோது அண்ணாச்சி, "வீட்டுல?" என்றார். சொன்னேன். மற்றவர்கள் "அடடா" என்பார்கள். அண்ணாச்சியோ, பெரிய பரீட்சை ஒன்றில் பாஸானவனைப் பார்க்கிற மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தார். அட்வான்ஸ் பற்றிக்கூடப் பேசவில்லை. "நீரு நெசமாவே பாத்தவரு. நம்ம வீட்டுல இரும்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன மனிதர் இவர் என்று திரும்பிப் போகப் பார்த்தேன். அப்போது அவர் மனைவி உள்ளே இருந்து வந்து, "அவுக அப்பிடித்தான் பேசுவாக தம்பி, மனசுல வச்சிக்கிடாதீங்க" என்று ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். கோமதி மதினி. மோரில் பெருங்காயம் தூக்கலாக இருந்தது. குடித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மதினிக்குச் சின்ன வயதிலிருந்தே இருதயத்தில் ஏதோ வால்வு கோளாறு. படி ஏறினால் மூச்சு வாங்கும். இந்த உலகத்தில் அண்ணாச்சி இழக்கப் பயந்த ஒரே பொருள் அவர்தான். வீட்டுப்பாடம் அவரைத் தேடி வராமல் போகுமா?

முதல் ஒத்திகையை வீட்டிலேயே வைத்தார். காலை ஆறு மணி முதல் சாயங்காலம் ஆறு மணி வரை மதினி இல்லை என்று கணக்கு. மதினி பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டி.வி.யைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி அடுப்படியில் ரசம் வைத்தார். பாதியில் பெருங்காயம் அகப்படவில்லை. எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தார். கடைசியில், மாடியில் இருக்கும் எனக்கே கேட்கும்படி, "கோமதி, பெருங்காயம் எங்கன இருக்கு?" என்றார். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது தடவைக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"செத்தவகிட்ட கேக்கப்படாது. உசுரோட இருக்கையிலேயே கேட்டு வச்சிருக்கணும்."

அன்று பெருங்காயம் போடாத ரசத்தை அண்ணாச்சி எனக்கும் கொடுத்தனுப்பினார்.

வீட்டில் இருந்துகொண்டு செத்துப்போவது நடக்காது என்று மதினியே சொல்லிவிட்டார். அண்ணாச்சி பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் கேட்டால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறதாம். சுரண்டையில் அக்கா வீடு இருந்தது. வாரம் ஒருநாள் அங்கே போய்விடுவதென்று முடிவாயிற்று. எந்தக் கிழமை என்பதில்தான் பெரிய பேச்சுவார்த்தை. செவ்வாயும் வெள்ளியும் சாகமாட்டேன், வீட்டுக்கு ஆகாது என்றார் மதினி. ஞாயிறு வகுப்பு. திங்களும் வியாழனும் சீரியலில் முக்கியமான கட்டம். சனி யாருக்குமே வேண்டாம். புதன்கிழமை என்றால் அக்கா வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள், இரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டு பேசலாம். இப்படித்தான் புதன்கிழமை நிலைத்தது.

காலையில் எட்டு மணி பஸ்ஸில் மதினி போவார். அண்ணாச்சி வழியனுப்பப் போகமாட்டார். செத்தவர் தானாகப் போய் பஸ் ஏறுவதைப் பார்ப்பது முறையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அந்த நேரத்தில் மட்டும் குளிக்கப் போய்விடுவார். பிறகு பகல் முழுக்கத் தனியாக இருந்து பார்ப்பார். அழுகை வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது, சாப்பாடு இறங்குகிறதா என்று தன்னையே கவனித்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் என் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்போம். மதினியின் பையை வாங்கிக்கொள்ள அவருடைய ஒரு கை வெறுமனே இருக்கும், மறு கையில் இரண்டு பேருக்கு ஒரே குடை.

போகும் வழியில் எனக்கு அறிக்கை கொடுப்பார். நான் அனுபவஸ்தன் அல்லவா, மார்க் போட வேண்டியது என் பொறுப்பு.

"காலைல கொஞ்சம் கஷ்டந்தான் வே. மத்தியானம் சோத்துல கை வைக்கையில லேசா முட்டிக்கிட்டு வந்துச்சு. நாலு மணிக்கு மேல ஒண்ணுமில்ல. மனசு தெளிஞ்சிட்டு."

நான் தாராளமாக அறுபது மார்க் போடுவேன். முதல் வகுப்பு என்று சந்தோஷப்படுவார்.

அங்கேதான் நான் ஒரு துரோகம் செய்தேன். நாலு மணிக்கு மேல் மனசு ஏன் தெளிகிறது என்று எனக்குத் தெரியும். ஐந்து மணிக்குச் சுரண்டையில் பஸ் புறப்படும், அதனால்தான். நிஜமாக இழந்தவனுக்கு நாலு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். வெயில் சாயும், பக்கத்து வீடுகளில் ஆட்கள் திரும்பி வருவார்கள், நம் வீட்டுக் கதவை நாமே திறக்க வேண்டியிருக்கும். ஆறு மணிக்கு முடிந்துபோகிற சாவு எந்த ஊரிலும் கிடையாது. இதை ஒரே ஒரு வாக்கியத்தில் அவரிடம் சொல்லியிருக்கலாம். மதினி பஸ் ஏறிப்போன அத்தனை புதன்கிழமைகளில் ஒன்றில்கூட நான் சொல்லவில்லை.

பஸ் வரும். எல்லோரும் முண்டியடித்து இறங்குவார்கள். மூச்சு வாங்கும் என்பதால் மதினி கடைசி ஆளாகத்தான் இறங்குவார். அதுவரைக்கும் அண்ணாச்சி குதிகாலைத் தூக்கித் தூக்கி ஜன்னலைப் பார்ப்பார். மதினியின் சேலை நுனி படியில் தெரிந்ததும், நாள் முழுக்கப் படித்த கிரேக்கம் எல்லாம் காணாமல் போய்விடும். "வந்துட்டியா?" என்பார். "வராம எங்க போக?" என்பார் மதினி. வாரா வாரம் இதே கேள்வி, இதே பதில்.

ஒருநாள் அண்ணாச்சி கடலை வாங்கப் போன நேரத்தில் மதினியிடம், உங்களுக்கு இது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். வாராவாரம் செத்துப்போவது யாருக்குத்தான் பிடிக்கும்?

"அவுகளுக்குப் பயம் தம்பி. அவ்வளவுதான். சின்னப் புள்ளன்னா மடில போட்டுத் தட்டிக் குடுக்கலாம். இவுகள என்ன செய்ய? அதான் பஸ் ஏறிப் போயிட்டு வாரேன்" என்றார்.

நல்ல சாரல் காலத்தில் மதினி படுத்துவிட்டார். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள். எட்டாம் நாள் நான் பார்க்கப் போனபோது, அண்ணாச்சியிடம் அடுப்படியில் எந்தத் தட்டில் எந்த டப்பா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி காதில் வாங்காமல் குளுக்கோஸ் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் மதினி கண்ணைத் திறந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டிருக்கிறார். திங்கள் என்றிருக்கிறார் அண்ணாச்சி.

"அப்ப இது நெசந்தான் போலுக்கு" என்றாராம் மதினி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணாச்சி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பந்தல்காரரிடம் மழைக்குத் தார்ப்பாய் கட்டச் சொன்னார். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். சுரண்டை அக்கா மயங்கி விழுந்தபோது அவர்தான் தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்கார வைத்தார். வகுப்பு ஆட்கள் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். செல்போன் கடைக்காரர் என் காதோரம், "கிரேக்கம் வேலை செய்யுது பாத்தீங்களா சார்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது. நான் ஒன்றரை வருஷம் அழுத இடத்தை இந்த மனிதர் ஒன்றரை நாளில் கடந்துவிட்டாரே என்று.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் அண்ணாச்சியைக் காணவில்லை.

வீட்டில் ஒரே களேபரம். போன் மேசையிலேயே கிடந்தது. குற்றாலத்தில் வெள்ளம், அருவிப் பக்கம் யாரையும் விடாமல் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே சுரண்டை அக்கா அழுதார். வகுப்பு ஆட்கள் ஆளுக்கொரு பைக்கில் மெயின் அருவிக்கும் ஐந்தருவிக்கும் பறந்தார்கள். நானும் செல்போன் கடைக்காரரின் பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கேட்டைத் தாண்டும்போதுதான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் எப்போதும் மாட்டியிருக்கும் குடை அங்கே இல்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி வழக்கமான தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியும் வே. நானேதான கொள்ளி வச்சேன், எல்லாம் தெரியும். மனசுக்குத்தான் இத்தன வருசமாச் சொல்லிக் குடுத்தேன். காலுக்குச் சொல்லிக் குடுக்கலியே. அது பாட்டுக்கு இங்கன வந்துட்டு."

அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அப்போது சுரண்டை பஸ் உள்ளே நுழைந்துவிட்டது. இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். காய்கறி மூட்டையோடு ஒருவர் இறங்கினார், கல்லூரிப் பெண்கள் இறங்கினார்கள், ஒரு குடும்பம் சண்டை போட்டுக்கொண்டே இறங்கியது. கடைசியில் கண்டக்டர் இறங்கி டீக்கடைப் பக்கம் போனார். பஸ்ஸுக்குள் யாரும் இல்லை. அண்ணாச்சி படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் அழுதார். நடு பஸ் ஸ்டாண்டில், விரிக்காத குடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சத்தமாக அழுதார்.

"இன்னைக்கு மார்க் போடாதீரும் வே" என்றார் நடுவில்.

நான் அப்போதுதான் சொன்னேன். "நாலு மணிக்கு மேலதான் ஆரம்பிக்கும் அண்ணாச்சி. எனக்கு முதல்லயே தெரியும். நான் சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"மதினி பஸ்ஸ விட்டு இறங்குறதப் பாக்க எனக்கும் ஆசையா இருந்துச்சு."

அவர் குடையை விரித்தார். அந்த ஒரே குடைக்குள் இரண்டு பேரும் தோள் இடிக்க மேலகரம் வரை நடந்தோம்.

வகுப்பு அதோடு நின்றது. கிரேக்கப் புத்தகத்தைக் கீழப்பாவூருக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அடுப்படியில் டப்பாக்களை இடம் மாற்றவில்லை. பெருங்காயம் எங்கே இருக்கிறதென்று இன்றுவரை தெரியாது, ரசம் அப்படியேதான் வைக்கிறார். ஆனால் கால் மட்டும் பழக்கத்தை விடவில்லை. நானும் தடுக்கவில்லை. புதன்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டில் அவரோடு போய் நின்றேன்.

போன வருஷம் எனக்கு ஆலங்குளத்துக்கு மாற்றல் வந்தது. மாடியைக் காலி செய்தேன். ஆலங்குளத்திலிருந்து தென்காசிக்கு நேர் பஸ் நிறைய இருக்கிறது. புதன்கிழமை மட்டும் நான் ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு, சுற்று வழியில் சுரண்டை போய், அங்கிருந்து ஆறு மணிக்குத் தென்காசி வந்து சேரும் பஸ்ஸில் ஏறுகிறேன். ஏன் இப்படிச் சுற்றுகிறீர்கள் என்று கண்டக்டர்கூடக் கேட்டுவிட்டார். படிக்கட்டுப் பக்கத்து சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே எழுந்து வாசலில் நின்றுவிடுவேன்.

முதல் ஆளாக இறங்கிவிட வேண்டும். கடைசி ஆள் இறங்கும்வரை அண்ணாச்சியைக் காக்க வைக்கக் கூடாது.